கிழக்கே மறைந்த கதிரவன்

வியத்நாமின் தா நாங் பகுதியிலே கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே கதிரவன் கடலில் எழுவான், மலைப்புறம் மறைவான். அதை மாற்ற எவராலும் ஆகாது. ஆயினும் 1968-இல் வெளிவந்த ‘தி கிரீன் பெரேஸ்’ என்ற அமெரிக்கப் படம் மாற்றிக் காட்டிற்று! படத்தின் முடிவிலே, அன்பு காட்டிய வீரனைப் போரில் பறிகொடுத்த வியத்நாம் சிறுவனை அழைத்துக்கொண்டு, அமெரிக்கப் படைத்தலைவர் கடலோரம் நடக்கிறார். அப்பால் கடலிலே கதிரவன் இறங்குகிறான். கிழக்கே மறைகிறான்!

படைத்தலைவராக நடித்தவர் ஜான் வெயின். படத்தை இயக்கிய இருவரில் ஒருவரும் அவரே. படப்பிடிப்பு அமெரிக்காவில் நடந்ததால் நேர்ந்த பிழை என்று சிரித்துவிட்டுப் போவோர் போகட்டும். நாம் அதிலே வேறொன்றைக் காண்கிறோம். நாயகனின் முகத்துக்கு அழகு சேர்க்க வேண்டுமானால் திசையே மாறிவிடும். மக்களும் ஏனென்று கேளாமல் கைதட்டுவர். ஜான் வெயினின் வாழ்க்கைக் கதை முழுவதும் இந்தத் திசைமாற்றத்தின் கதைதான்.

1907 மே 26-ஆம் நாள், அயோவா மாநிலத்தின் வின்டர்செட் என்னும் சிற்றூரில், மருந்துக்கடைப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் மேரியன் மாரிசன். பந்தாட்டத் திறமைக்காகக் கிடைத்த உதவித்தொகையைக் கொண்டு தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தார். காயத்தால் ஆட்டம் போயிற்று. ஆட்டம் போனதால் உதவித்தொகை போயிற்று. அதோடு படிப்பும் போயிற்று. ஃபாக்ஸ் நிறுவனத்தில் காட்சிக்கு வேண்டிய பொருள்களைச் சுமந்து வைக்கும் வேலை கிடைத்தது. 1930-இல் ‘தி பிக் டிரெயில்’ படத்தின் நாயகனாக அவரை அமர்த்தியபோது, ஜான் வெயின் என்ற பெயரைச் சூட்டியது நிறுவனம். படம் தோற்றது. பின்னர் ஒன்பது ஆண்டுகள், மலிவுச் சரக்காக வெளிவந்த குதிரைவீரர் படங்களிலே காலம் தள்ளினார். 1939-இல் ஜான் ஃபோர்ட் இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ அவரை உயர்த்திற்று. அப்படத்திலே பாய்ந்தோடும் வண்டிக் குதிரைகளின்மேல் நாயகன் தாவும் காட்சியைக் கண்டு நாடே வியந்தது. தாவியவர் வெயின் அல்லர். யாக்கிமா கனட் என்ற சாகசக் கலைஞர்.

பெயர் நிறுவனம் தந்தது. தாவல் தோழர் தந்தது. இதிலே இழிவில்லை. திரைக்கலை பலரின் கூட்டுழைப்பு. பொய்யைப் பொய்யென அறிந்தே சுவைப்பது கலையின்பம். அதை மெய்யென நம்பி மண்டியிடும்போதுதான் கேடு தொடங்குகிறது.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முன்னரே படையில் சேர்ந்து, பின்னர் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். 41 வயதான கிளார்க் கேபிள் விமானப்படையில் சேர்ந்தார். 34 வயதான வெயின் சேரவில்லை. குடும்பத்தைக் காட்டி முதலில் விலக்குக் கிடைத்தது. பின்னர் படநிறுவனத்தின் நலனுக்காக அந்த விலக்கு தொடர்ந்தது. நான்கு குழந்தைகளின் தந்தை போருக்குப் போகாததைக் கோழைத்தனம் என்று நாம் தூற்ற மாட்டோம். ஆனால் போருக்குப் போகாதவரே போரின் திருவுருவமாக ஆக்கப்பட்டாரே, அதைக் கேட்காமல் விட மாட்டோம். 1949-இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜிமா’ படத்தில் அவர் ஏற்ற சார்ஜண்ட் வேடம், அமெரிக்கச் சிறுவர்களுக்கு வீரத்தின் இலக்கணமாயிற்று.

அந்தச் சிறுவர்களில் ஒருவர் ரான் கோவிக். அப்படத்தைக் கண்டு உள்ளம் உருகியவர், வளர்ந்ததும் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். 1968 சனவரியில் வியத்நாமில் குண்டடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்விழந்து, சக்கர நாற்காலியில் நாடு திரும்பினார். 1976-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பிள்ளைப் பருவத்தில் தம் நெஞ்சிலே பதிந்த அந்தத் திரைவீரத்தையும் எழுதியிருக்கிறார். போருக்கு அவரை அனுப்பியது ஒரு படம் மட்டுமே என்று சொல்வது மிகை. ஆனால் அவர் கால்கள் மரத்துப்போன அதே ஆண்டிலேதான், வெயின் திரையில் கதிரவனைக் கிழக்கே மறைய வைத்தார்!

திரைக்கு வெளியேயும் அவருடைய கை ஓங்கியிருந்தது. 1949-இல், ஹாலிவுட்டில் பொதுவுடைமையரை வேட்டையாடிய அமைப்பொன்றின் தலைவரானார். 1952-இல் ‘ஹை நூன்’ வந்தது. கொலைகாரர் வரும் வேளையில் ஊரே கதவடைத்துக்கொள்ள, காவல் அதிகாரி தன்னந்தனியே நிற்கும் கதை. அதை எழுதிய கார்ல் ஃபோர்மன், தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் வேலையிழந்து இங்கிலாந்து சென்றார். அவரை நாட்டைவிட்டு ஓட்டியதில் தமக்கும் பங்குண்டு. அதற்காக வருந்தவில்லை என்று 1971-இல் அளித்த பேட்டியில் வெயின் பெருமை பேசினார். வேடிக்கை என்னவெனில், அப்படத்தில் நடித்த கேரி கூப்பருக்கு 1953-இல் ஆஸ்கார் விருது கிடைத்தபோது, அவர் சார்பில் மேடையேறி வாங்கிச் சென்றவர் இதே வெயின்தான்!

அதே பேட்டியில், கறுப்பின மக்கள் ‘பொறுப்பு’ பெறும்வரை வெள்ளையர் மேலாண்மையே வேண்டும் என்றார். செவ்விந்தியரிடமிருந்து நிலத்தைப் பறித்தது தவறல்ல என்றார். சொந்த மண்ணைக் காத்தவர் தன்னலக்காரராம், பறித்தவர் வீரராம்! இங்கும் கதிரவன் கிழக்கேதான் மறைகிறான்.

‘அந்தக் காலம் அப்படி’ என்பர் சிலர். அதே காலத்தில், 1973-இல், செவ்விந்தியரைத் திரையுலகம் இழிவுபடுத்துவதைக் கண்டித்து ஆஸ்கார் விருதையே மறுத்தார் மார்லன் பிராண்டோ. காலம் இருவருக்கும் ஒன்றுதான், கருத்துதான் வேறு.

அப்படியானால் அவர் படங்களைத் தீயிலிடவா? வேண்டா! நிறையைச் சொல்ல அஞ்சுவது திறனாய்வு ஆகாது. 1964-இல் புற்றுநோயால் நுரையீரல் ஒன்றை இழந்தபின், நடிகரின் நோய் மறைக்கப்பட்ட அக்காலத்திலே, அதை வெளிப்படையாகக் கூறி, மக்களை மருத்துவச் சோதனை செய்துகொள்ளச் சொன்னார். அது மெய்யான துணிவு. 1948-இன் ‘ரெட் ரிவர்’ படத்திலே, பிடிவாதத்தால் கொடுங்கோலனாகும் மந்தைக்காரனை அவர் காட்டியது தேர்ந்த நடிப்பு.

எல்லாவற்றினும் மேலானது 1956-இல் ஃபோர்ட் இயக்கிய ‘தி சர்ச்சர்ஸ்’. கொமாஞ்சியர் கவர்ந்து சென்ற சகோதரன் மகளை ஆண்டுக்கணக்கில் தேடுகிறான் ஈத்தன். மீட்பதற்கா? இல்லை, அவர்களோடு வாழ்ந்துவிட்டாள் என்பதால் கொல்வதற்கு! அந்த வெறுப்பை வெயின் கண்களிலே காட்டியபோது அரங்கம் நடுங்கிற்று. நாயகன் என்று நாம் நம்பியவன் இனவெறியன் எனத் தெரிகிறது. குறையில்லாத படமன்று, கொமாஞ்சியர் தலைவனாக நடித்தவரே பெர்லினில் பிறந்த வெள்ளையர்தான். ஆயினும், மேடையிலும் பேட்டியிலும் வெயின் சொல்லத் துணியாத உண்மையை அவருடைய நடிப்பு சொல்லிவிட்டது.

1979 சூன் 11-ஆம் நாள் அவர் மறைந்தார். ஒரு விமான நிலையத்துக்கே அவர் பெயரைச் சூட்டினர். ஆனால் அவரைச் சரியாக எடைபோட்டது ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சி. இறுதியில் கொல்ல மனமின்றி, அந்தப் பெண்ணைக் கைகளில் ஏந்திக் கொணர்ந்து சேர்க்கிறான் ஈத்தன். அனைவரும் வீட்டுக்குள் செல்கின்றனர். அவன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறான், திரும்பிப் பாலையில் நடக்கிறான், கதவு மூடுகிறது. வெறுப்பைச் சுமந்தவனுக்கு வீட்டில் இடமில்லை என்கிறது படம். அந்தக் கலைக்கு நாம் கைதட்டுவோம். கதவுக்கு வெளியே நின்றவனைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைக்க மாட்டோம்.