எமிலி காமே நங்வாரேயின் கிழங்கு ஓவியங்கள்

ஆஸ்திரேலியாவின் நடுவண் பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடகிழக்கே யுட்டோப்பியா என்றொரு நிலப்பகுதி உளது. அதனுள் அடங்கிய அல்ஹல்கெரே என்னும் இடத்தில், ஏறத்தாழ 1910-இல், அன்மட்டியர் என்னும் தொல்குடியிற் பிறந்தவர் எமிலி காமே நங்வாரே. 1977-இல் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் கலையைப் பயின்ற அவர், எழுபது அகவை கடந்த பின்னர், 1988-இன் இறுதியிலேயே கித்தானில் வண்ணந் தீட்டத் தொடங்கினார், 1996-இல் மறைந்தார்.

இவர்தம் ஓவியங்களை 'அருவ ஓவியம்' என்று கூறிப் பாராட்டுவார் பலர். அமெரிக்க நாட்டு அருவ ஓவியர்களோடு ஒப்பிட்டு, அவர்களை அறியாமலே அவர்கள் அடைந்த இடத்தைத் தாமும் அடைந்தார் என வியப்பர். இக்கூற்றுப் புகழ்ச்சி போலத் தோன்றினும், ஓவியத்தினின்றும் அதன் பொருளைப் பறித்துவிடுகின்றது என்பதே எம் கருத்து. எதனைத் தீட்டுகின்றீர் என வினவியோர்க்கு அவர் கிழங்கு, அக்கிழங்கின் விதை, புல்விதை, பல்லி, ஈமு, ஈமு உண்ணும் செடி எனப் பெயர் சுட்டியே விடையிறுத்தார். வடிவம் புலப்படாமையாற் பொருளே இல்லையென்று கொள்ளுதல் காண்பார் குறையேயன்றி ஓவியத்தின் இயல்பன்று.

அக்கிழங்கினைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அது மெல்லிய கொடி. நம் உளுந்தும் பாசிப்பயறும் சார்ந்த அதே பேரினத்தது. (பயற்றினத்திற் கிழங்கா என ஐயுறுவார்க்கு இச்செய்தி புதிதாகலாம்.) மண்ணின்மேல் இலையும் பூவும் காயும், மண்ணின்கீழ் நீண்டு கிளைத்தோடும் வேரும் உண்ணற்குரிய கிழங்கும். கொடி வாடியபின், நிலத்திற் காணும் வெடிப்பே கிழங்கு கிடக்குமிடத்தைக் காட்டும். அதனைப் படிக்கத் தெரிந்தவர் பெண்டிர். காமே என்பதோ அக்கொடியின் விதையையும் பூவையும் குறிக்குஞ் சொல். எனவே, கிழங்கினைத் தீட்டுந்தோறும் ஓவியர் தம் பெயரையும் உடன் எழுதினார் என்னல் பொருந்தும்.

இதனை உளங்கொண்டு நோக்கின், தொடக்கக் கால ஓவியங்களின் அமைப்பு விளங்கும். அடியிற் கோடுகள், அவற்றை மூடிப் பரந்த புள்ளிகள். 1988-89-இல் தீட்டிய 'ஈமுப் பெண்' என்னும் முதற் கித்தான் ஓவியத்தும் இம்முறையே காண்கின்றோம். புள்ளியை விதையெனவும் பூவெனவும் கோட்டினை வேரெனவும் கொள்வோமாயின், செடியின் மேலும் கீழும் ஒருங்கே கித்தானில் அமைந்தமை புலனாகும். பின்னர்ப் புள்ளிகள் நீங்கக் கோடே தனித்து நின்றது. அவெல்யே என்னும் பெண்டிர் சடங்கில் மார்பினும் தோளினும் எழுதும் கோடுகளும் இதனோடு உறவுடையன.

இவ்வளர்ச்சியின் முடிநிலை 1995-இல் தீட்டிய 'பெருங்கிழங்கு' ஓவியம். இது மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் உளது. உயரம் ஏறத்தாழ 3 மீட்டர், அகலம் 8 மீட்டர். கரிய பரப்பில் வெண்கோடுகள் அன்றி வேறு வண்ணமே இல்லை. கோடுகள் வளைந்து, பின்னி, தம்மைத் தாமே கடந்து ஓடுகின்றன; யாண்டுத் தொடங்கின, யாண்டு முடிந்தன எனக் கூறல் அரிது. ஆயினும் குழப்பம் இல்லை. ஓரிடத்து நெருங்கியும் ஓரிடத்து நெகிழ்ந்தும் செல்லும் அவ்வோட்டம், தடைப்பட்ட இடத்தில் திரும்பிச் செல்லும் வேரின் ஓட்டமே.

தொல்காப்பியம் பயின்ற நமக்குக் 'கருப்பொருள்' என்னும் சொல் ஈண்டு நினைவில் எழுதல் இயல்பு. எழினும், விரைந்து பொருத்திவிடல் ஆகாது. அகச்செய்யுளில் மரமும் பூவும் உரிப்பொருளைச் சிறப்பிக்க வருவன. நங்வாரேயின் கிழங்கோ பிறிதொன்றனைச் சுட்ட வந்ததன்று; அதுவே நிலத்தைப் படைத்த மூதாதை, அதுவே உணவு, அதுவே ஓவியரின் பெயர். ஆதலின் அதனை உள்ளுறை என்று கொள்ளுதலும் பொருந்தாது.

அவர்தம் படைப்புகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. எட்டாண்டுகளில் ஏறத்தாழ 3000 ஓவியங்கள் தீட்டினார் என்பர். விற்பனையாளர் பலர் சூழ்ந்து நின்ற அக்காலத்தில் விரைவினால் தளர்ந்தனவும் பல. 1994-இன் 'புவியின் படைப்பு' 2007-இல் பத்து இலக்கம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விலைபோயிற்று. 2017-இல் அவ்விலை இருமடங்காயிற்று. அதன் வண்ணச்செறிவு கண்ணைக் கவர்வதே. எனினும், வண்ணம் துறந்த கிழங்கோவியத்தையே நாம் மேலதாகக் கொள்வோம்.

இன்னும் ஒன்று. கித்தானை நிலத்தில் விரித்து, அருகமர்ந்தும் சில பொழுது அதன்மேலேயே அமர்ந்தும் அவர் தீட்டினார். ஆதலின் அதற்கு மேல் கீழ் என்பன இல்லை. கிழங்கு அகழ்வார் குனிந்து நோக்கும் நோக்கே அதற்குரியது. கலைக்கூடத்தார் அதனைச் சுவரில் நிமிர்த்தி மாட்டியுள்ளனர்.