தீ வளர்க்கும் பைன்

அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் நீள் ஊசியிலைப் பைனின் கன்றைப் பார்த்தால் மரம் என்றே தோன்றாது. தரையோடு ஒட்டிய புல் குத்து போலிருக்கும். சில ஆண்டுகள் அப்படியே இருந்து வேரை மட்டும் ஆழமாக இறக்கும். தீ வந்தால் நீண்ட இலைகள் கருகும். அவற்றின் நடுவே வெள்ளிநிறச் செதில் போர்த்திய குருத்து பிழைத்துக்கொள்ளும். என்ன நேர்த்தி! பிறகு மளமளவென்று உயர்ந்து, தரைத்தீக்கு எட்டாத உயரத்துக்குக் குருத்தைக் கொண்டுபோய்விடும்.

சில ஆண்டுகளுக்கொரு முறை தீ ஓடாவிட்டால் ஓக் புதர்கள் மண்டி வெளிச்சத்தை மறைத்துவிடும். சருகு எரிந்து மண் தெரிந்தால்தான் விதை நன்றாக ஊன்றும். பைன்களின் அடியில் வளரும் கம்பிப்புல்லும் கோடைத் தீக்குப் பிறகே தாராளமாகப் பூக்கும். மின்னலும் பூர்வகுடிகளும் மூட்டிய தீயில் செழித்த காடு இது. 20ஆம் நூற்றாண்டில் தீயை அறவே தடுத்தது பெரும் பிழை. ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரந்திருந்த காட்டில், மிஞ்சியதைக் காக்க இன்று காடு பராமரிப்பவர்களே காற்றின் போக்குப் பார்த்துத் தீ வைக்கிறார்கள்.