முன்னிற்பதெல்லாம் முதன்மையன்று

அருளுரை மேடையில் நாம் அடிக்கடி கையாளும் வாதம் ஒன்றுண்டு: "கிரேக்க மூலத்தில் இச்சொல் முதலில் நிற்கிறது, ஆகவே ஆசிரியர் இதனையே வலியுறுத்துகிறார்." இவ்வாதத்தின் உறுதியைச் சோதிக்க விரும்பும் திருப்பணியாளர், டெஸ்மண்ட் டெர்பிஷயர் 1979இல் வெளியிட்ட ஹிஷ்கர்யானா இலக்கணத்தைப் படிப்பது நலம். பிரேசிலின் அமேசான் காட்டில், நமுண்டா ஆற்றங்கரையில் சில நூறு பேர் பேசும் கரீப் குடும்பத்து மொழி அது. ஆசிரியர் அம்மக்களின் மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர்.

'தோதோ யஹோசியே கமரா' என்பது நூலின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தோதோ மனிதன், யஹோசியே பிடித்தது, கமரா ஜாகுவார் என்னும் காட்டு விலங்கு. பிடித்தது விலங்கே, மனிதனல்லன். செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பதே அங்கு இயல்பான வரிசை. இத்தகைய வரிசை இல்லை, அல்லது மிக அரிது என்று 1963இல் கிரீன்பர்க் எழுதியிருந்தமையால், இக்கண்டுபிடிப்பு மொழியியலாரை வியப்பிலாழ்த்தியது.

தமிழர் இங்கே எளிதில் இடறுவர். 'மனிதனைப் பிடித்தது ஜாகுவார்' என்று நாமும் சொல்லலாம். இரண்டாம் வேற்றுமை உருபு நம்மைக் காக்கிறது. ஆனால் நமக்கு அவ்வரிசை அழுத்தமுடையது. வேறொன்றன்று, ஜாகுவாரே என்று காதில் விழும். ஹிஷ்கர்யானா மொழியிலோ பெயர்களுக்கு அத்தகைய உருபு இல்லை. அவ்வரிசையில் அழுத்தமும் இல்லை. எழுவாயைத் தனித்துக் காட்ட வேண்டின் அதை முன்னே கொணர்வர். ஆக, இயல்பான வரிசை எது என்று அறியாதவன் அழுத்தம் எங்கே என்று சொல்லத் தகுதியற்றவன். இது நம் கிரேக்க வகுப்பிற்கும் பொருந்தும்.

வாக்கிய வகைகளைப் பற்றிய பகுதி நமக்கு இன்னும் நெருக்கமானது. அம்மொழியின் சார்பு வாக்கியங்களில் வினைமுற்று வருவதில்லை. வினையினின்று பிறந்த பெயர்களும் எச்சம் போன்ற வடிவங்களுமே வரும். நம் வினையாலணையும் பெயரை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. பிறர் எண்ணத்தையும் நோக்கத்தையும் நேர்க்கூற்றாகவே உரைப்பர். எபேசியர் 1:3-14 கிரேக்கத்தில் ஒரே வாக்கியமாக ஓடுகிறது. அதனை இத்தகைய மொழியில் பெயர்ப்பவர் எதனை முற்றாக நிறுத்துவது, எதனைக் கேட்போர் முன்பே அறிந்த செய்தியாகப் பெயர்ச்சொல்லில் அடக்குவது என்று ஒவ்வோர் அடியிலும் தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானம் இலக்கணத்தோடு நில்லாது; இறையியலுமாகும்.

நூலின் குறை அதன் அமைப்பில் உள்ளது. பல மொழிகளுக்கும் பொதுவாக வகுத்த வினாநிரலுக்கு விடையாக எழுதப்பட்டமையால், வலியுறுத்தல் ஒரு தலைப்பிலும், பேசுபொருள் வேறொரு தலைப்பிலும், சொல்வரிசை மற்றோரிடத்திலும் சிதறிக் கிடக்கின்றன. தனி வாக்கியங்கள் தெளிவாகின்றன. கதை சொல்பவர் ஒரு வாக்கியத்தினின்று அடுத்ததற்கு எவ்வாறு செல்கிறார் என்பது தெளிவாகவில்லை. ஆசிரியரும் இதனை உணர்ந்தார் போலும். 1986இல் வெளிவந்த கட்டுரையொன்றில் பேசுபொருளின் தொடர்ச்சியையும் இவ்வரிசையையும் ஒருங்கே ஆராய்ந்தார். மாணவர் அக்கட்டுரையை முதலிற் படித்து, பின்னர் இலக்கணத்துட் புகுவாராக.