ஏழு நாய்க் கதையும் ஒரு சாதிச் சான்றிதழும்

ஜவ்வாது மலையைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு பத்தி தவறாமல் வந்துவிடும். ஏழு வெள்ளாள ஆண்கள், ஏழு நாய்கள், வெள்ளம் ஓடும் பாலாறு. சுற்றுலாக் கட்டுரையிலும் இருக்கும், ஆய்வேட்டின் முதல் இயலிலும் இருக்கும். இதன் ஊற்று எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்'. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த நூல். தர்ஸ்டன் அதை வட ஆற்காடு மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் தர்ஸ்டனிடமிருந்து எடுத்தார்கள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதி எழுதியே, நூறு வருஷத்தில் கதை வரலாறாகிவிட்டது. அந்தப் பத்தியைப் பெரும்பாலும் பாதிதான் வாசிக்கிறார்கள் என்பது என் வாதம். மீதிப் பாதியை வாசிக்காததால் நடக்கும் கெடுதல் சின்னது இல்லை.

கதை இதுதான். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளர்களிடம் பெண் கேட்கிறார்கள். கொடுக்க மறுக்கிறார்கள். கோபத்தில் வேடர்கள் ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரை ஏறிவிடுகிறார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்திவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. ஆண்கள் கங்குந்தி போய் வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் வந்து பார்த்தால், கருமாதி முடிந்திருக்கிறது. மனைவிமார் விதவைகள். செத்தவனாகச் சடங்கு நடந்தவனுக்கு சாதியில் இடமில்லை. வேறு வழியில்லாமல் வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறி, காடு திருத்திப் பயிர் செய்கிறார்கள். அவர்கள் வம்சம்தான் மலையாளிகள். (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. இந்தக் குழப்பத்துக்குப் பிறகு வருகிறேன்.)

நல்ல கதை. ஆனால் கையேட்டில் அது உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்க. கி.பி. 1132க்குச் சமமான ஒரு சக ஆண்டு, தலைப்பில் தேதி போட்ட மாதிரி, கதையின் முன்னால் நிற்கிறது. எந்தக் கல்வெட்டு, எந்த ஓலை, யார் சொன்னது என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது. வாய்மொழிக் கதைக்கு வருஷம் ஒட்டியதும் அது 'தோற்றம்' ஆகிவிடுகிறது. சேலம் பக்கம் இதே மக்களிடம் வேறு கதை வழங்குகிறது. மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சியிலிருந்து கிளம்பி சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து போய், வேறு வேறு சாதிப் பெண்களை மணந்தார்கள் என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும், இது இடப்பெயர்ச்சியின் பதிவேடு இல்லை. காஞ்சியோடு உறவு கொண்டாடும் ஒரு முறை.

இனி அந்த மீதிப் பாதி. தூக்கிக்கொண்டு போனார்களே ஏழு பெண்கள், அவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்காகத்தான் மொத்தப் பயணமும். வேடர்கள் செத்ததும் பத்தி அவர்களை அப்படியே விட்டுவிடுகிறது. திரும்பி வந்தார்களா, யாராவது கட்டிக்கொண்டார்களா, பேச்சே இல்லை. மலை ஏறிய வேடப் பெண்களுக்கும் அதே கதி. புருஷன்மார் அப்பன் அண்ணன்களைக் கொன்றவர்களாக இருக்கலாம். ஆனாலும் ஒரு முழு சமூகத்துக்கே தாய்மார் அவர்கள்தான். கதை சொல்கிறபடியே எடுத்துக்கொண்டாலும் மலையாளிகள் பாதி வேடர்கள். ஆனால் கதையை எடுத்தாளும் எல்லாரும், சொந்தம் கொண்டாடும் பெரியவர்கள் உட்பட, அப்பனின் பாதியை மட்டும்தான் எண்ணுகிறார்கள். தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் ஆட்களை நிற்கவைத்து மூக்கை அளந்தவர். அவருக்கும் இந்தக் கணக்கில் தாய் தட்டுப்படவில்லை.

இன்னொன்று. அந்த ஆண்கள் சாதி இழந்தது தப்பு செய்து இல்லை. உயிரோடு இருந்தும் செத்ததாகப் பதிவாகிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆள் நேரில் வந்து நின்றாலும் முடிந்த சடங்கை ரத்து செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை. அரசு அலுவலகத்தில் ஒரு தடவையாவது காத்து நின்றவர்களுக்கு இது புராணமாகத் தோன்றாது.

இப்படி ஒரு கதை ஏன் தேவைப்பட்டது? கீழே, போளூரிலும் திருப்பத்தூரிலும் செங்கத்திலும், நிலமும் கோயிலும் மேல்சாதிக்காரர்கள் கையில். மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் கொண்டு இறங்கி வருபவன் அங்கே 'மலைக்காரன்'. அவனுக்கு 'நாங்களும் காஞ்சிபுரத்து வெள்ளாளர்தான், விதி மலைக்கு அனுப்பிவிட்டது' என்று சொல்ல ஒரு தேவை இருந்திருக்கும். அதே மலையில் கீழ்செப்பிலியில் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். ஊர்ப்பேச்சில் அவை குள்ள மனிதர்கள் கட்டிக் குடியிருந்த வீடுகள். எங்கள் பாட்டன் கட்டியது என்று சொந்தம் கொண்டாடும் வழக்கம் இல்லை. கண்ணெதிரே நிற்கும் ஆதிப் பழமையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, 'நாங்கள் பின்னால் வந்தவர்கள்' என்று சொல்கிறது மலை.

இதற்கு நேர் எதிரான ஒன்று வட அயர்லாந்தில் நடந்தது. 17ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் ஆங்கில அரசு அல்ஸ்டர் பகுதியில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அவர்களின் வாரிசுகளான புராட்டஸ்டண்டுகள் தங்களை பிரிட்டிஷ் என்கிறார்கள், கத்தோலிக்கர்கள் ஐரிஷ் என்கிறார்கள். 1974இல், குண்டுவெடிப்புகளுக்கு நடுவே, இயன் ஆடம்சன் 'குருதின்' என்று ஒரு புத்தகம் போட்டார். அல்ஸ்டரின் ஆதிக்குடி கெல்ட்டியர் அல்ல, குருதின் என்ற மக்கள். ஐரிஷ்காரர்கள் அவர்களை ஸ்காட்லாந்துக்குத் துரத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் குடியேறிகள் இல்லை, வீடு திரும்பியவர்கள்! வரலாற்றாசிரியர்களும் தொல்லியலாளர்களும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆடம்சன் பிற்பாடு பெல்ஃபாஸ்ட் மேயரும் ஆனார். அங்கே 'வந்தேறி' என்பது வசவு, அதனால் வந்தவர்கள் ஆதிக்குடி ஆகப் பார்த்தார்கள். இங்கே 'மலைக்காரன்' வசவு, அதனால் மலையில் இருந்தவர்கள் வந்தவர்கள் ஆனார்கள். பூர்வீகக் கதை கடந்த காலத்தைவிட, சொல்லும் காலத்தில் எது கௌரவம் என்பதைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

சிக்கல் பிற்பாடு வந்தது. பட்டியல் பழங்குடி ஆணையில் மலையாளிகள் சேர்க்கப்பட்டார்கள். எது கௌரவம் என்ற கேள்வியோடு எது உரிமை என்ற கேள்வியும் வந்து சேர்ந்தது. 1965இல் லோகூர் குழு பழங்குடிக்கு அடையாளங்கள் சொன்னது: பழமைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சமாம்! ஐந்து லட்சணங்களில் ஒன்று. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு நாய்க் கதையை வாசியுங்கள். காஞ்சிபுரம், வெள்ளாளர், உழவு. எல்லாமே எதிர்ச்சாட்சி.

ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் கதையை ரசித்து ரசித்துச் சொன்னார். "நாங்க காஞ்சீபுரத்து ஆளுங்க சார். எங்க முப்பாட்டன் காலத்துல..." என்று ஆரம்பித்து, நாய்கள் நீந்தும் இடத்தில் கையாலேயே நீந்திக் காட்டினார். முடித்ததும் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, எழுதுறது எழுதுங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல யாராச்சும் இதைப் படிச்சாங்கன்னா எங்க தங்கச்சி சர்டிபிகேட் நின்னுடும்." பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, நம்ம கதையை நாம சொல்லக் கூடாதா?" நான் இரண்டு பேருக்கும் நடுவில் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பையனின் பயம் வெறும் பயம் இல்லை. பழங்குடிச் சான்றிதழ் தரும் அதிகாரம் கோட்டாட்சியரிடம். பழைய பத்திரத்தில் தாத்தா பெயருக்குப் பின்னால் 'கவுண்டர்' என்று இருந்தால் போதும், சந்தேகம் கிளம்பிவிடும். மலையில் கவுண்டர் என்பது ஊர்த்தலைமையோடு வந்த பட்டம். அதை கொங்கு நாட்டுச் சாதிப் பெயராக வாசிப்பவரிடம் விளக்கி மாளாது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை ஏற்படுத்தச் சொன்னது. போலிச் சான்றிதழ்கள் உண்மையிலேயே இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் வழியாக வந்த 'ஒப்புமைச் சோதனை', சடங்கு என்ன, சாமி என்ன, சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு ஆளை எடைபோடுகிறது. 2023 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்தச் சோதனை முடிந்த முடிவு ஆகாது என்று தெளிவாகச் சொன்னது.

படித்தவர்கள் சிலர் செய்யும் வேலை இதைவிட மோசம். 'இவர்களே வெள்ளாளர் என்றுதான் சொல்கிறார்கள், எப்படிப் பழங்குடி?' என்று தர்ஸ்டனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவர்களிடம் என் கேள்வி ஒன்றுதான். கதையை நம்புகிறீர்களா, இல்லையா? நம்பவில்லை என்றால் அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். நம்புகிறீர்கள் என்றால் முழுசாக நம்புங்கள். தாய்மார் வேடச்சிகள் என்பதும் அதே பத்தியில்தான் அச்சாகியிருக்கிறது.

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மலையாளிகள் 3,57,980, கிட்டத்தட்ட பாதி. மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி. ஆனால் 'மலையாளி' என்று சொன்னால் சென்னையில் பத்தில் ஒன்பது பேர் ஓணம் சேலையைத்தான் நினைப்பார்கள். 1992இல் வனத்துறையும் காவல்துறையும் சூறையாடிய வாச்சாத்தி, சித்தேரி மலையடியில் இருக்கும் மலையாளி ஊர்தான். வழக்கு தெரிந்த பலருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் இருபது மரம் வெட்டும் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர், மலையடி ஊர்க்காரர்கள். மலையாளிப் பழங்குடியினரும் அவர்களில் உண்டு. அங்கே அவர்கள் 'செம்மரக் கடத்தல்காரர்கள்'. இங்கே மறுநாளே '20 தமிழர்கள்'. கண்டனம் நியாயமானது. ஆனால் கூலிக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் மலைக்கு வந்துபோன காலத்தில் அந்தத் 'தமிழர்' அடையாளத்தை அவர்களுக்கு யாரும் நீட்டியதாக எனக்கு நினைவில்லை. (கதையில் வரும் கங்குந்தியும் இன்று ஆந்திராவில்தான், குப்பம் பக்கத்தில்.)

மறுபடி வட அயர்லாந்து. 1998 புனித வெள்ளி உடன்படிக்கையில் ஒரு வரி உண்டு. அங்கே பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், அது பிறப்புரிமை. மூவாயிரத்துக்கும் மேல் சாவு விழுந்த பிறகு வந்த வரி. அதுவும் காகிதத்தில் சிக்கியது. எம்மா டிசூசா தன் அமெரிக்கக் கணவருக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அனுமதி கேட்டபோது, நீங்கள் பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடிமகள், ஐரிஷ் என்று விண்ணப்பிக்க முடியாது என்றது உள்துறை. 2019இல் தீர்ப்பாயமும் அதையே சொன்னது. 2020இல் விதியைத் தளர்த்தினார்கள். ஆனாலும் அங்கே 'இரண்டும்' என்ற சொல் ஒரு உடன்படிக்கையில் இருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான். காஞ்சிபுரத்துக் கதையும் வேணும், மலைக்காரன் என்ற உரிமையும் வேணும்.

நம் சட்டத்தில் அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பின் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஜவ்வாது மலை வட ஆற்காட்டில் இருந்ததால் தப்பித்தது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். அந்த மலைகள் அன்று கோயம்புத்தூர் மாவட்டம். கோயம்புத்தூர் அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை. அதனால் அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. பல ஆண்டுகளாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.