வேட்டைக்கு ஒரு பருவம் உண்டா?

ஐப்பசி அடைமழை பிடித்ததும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வாத்துகள் வந்து இறங்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் சைபீரியா வரையிலான வடபுலங்களிலிருந்து வருபவை. புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச்சிறகியும் இந்த ஏரிகளிலேயே பிறந்து வளர்பவை. இதே மாதங்களில்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உரிமம் வாங்கியவர்கள் மானுக்கும் வாத்துக்கும் துப்பாக்கி தூக்குகிறார்கள். ஒரகடம் ஆலைகளிலிருந்து வேலைக்கும் பயிற்சிக்கும் வெளிநாடு போய்வந்த இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு: "அங்கே சுடுகிறார்கள், ஆனாலும் காடு செழிப்பாக இருக்கிறது. இங்கே தடை போட்டும் ஏரி பாழாகிறதே, ஏன்?" நியாயமான கேள்வி. பாவம், புண்ணியம் என்று சொல்லி அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

அவர்கள் முறையில் பலம் இருக்கிறது. 1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர் கூட்டாட்சி அரசின் வேட்டை முத்திரை ஒன்றை வாங்க வேண்டும். அந்தப் பணம் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. 1937-இல் வந்த சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குத் திரும்பி வருகிறது. சுடுகிறவரே காவலுக்கும் பணம் கட்டுகிறார். ஆண்டுதோறும் தலையெண்ணிப் பார்த்து, ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பு கட்டுகிறார்கள். ஈயக் குண்டுகளை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாவது தெரிந்தபின், 1991-இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தையே நாடு முழுக்கத் தடைசெய்தார்கள். ஓநாய் அற்றுப்போன காடுகளில் மான் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. குறை என்றால், இந்தப் பணம் பெரும்பாலும் சுடத்தக்க உயிர்களின் பக்கமே சாய்கிறது. யாரும் சுட விரும்பாத தவளைக்கும் சிறு குருவிக்கும் அந்த அளவுக்கு ஆதரவு திரள்வதில்லை.

அந்த முறையின் அச்சாணி பருவம்தான். வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் குட்டி போடுகிறது. இலையுதிர் காலத்துக்குள் குட்டி தாய்ப்பாலை விட்டுத் தானே மேயப் பழகிவிடும். வாத்துக் குஞ்சுகளும் அதற்குள் சிறகு முற்றிப் பறந்திருக்கும். அந்த நேரத்தில் சுட்டால், பாலுக்குத் தவிக்கும் குட்டியோ கூட்டில் தவிக்கும் குஞ்சோ இராது. வேட்டைக்காரரின் மனசாட்சி அந்த நாட்காட்டியின்மேல்தான் நிற்கிறது.

நம் மண்ணில் அந்த நாட்காட்டி பொருந்தாது. புள்ளிமான் இங்கே ஆண்டு முழுவதும் குட்டி போடக்கூடியது. எந்த மாதத்தில் பெண்மானைச் சுட்டாலும் ஏதோ ஒரு புதருக்குள் பால்குட்டி ஒன்று படுத்திருக்கலாம். ஏரிப் பறவைகளின் கதை இன்னும் தலைகீழானது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகுதான் நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டத் தொடங்கும். புள்ளிமூக்கு வாத்து கார்த்திகை, மார்கழியில் கோரைக்குள் முட்டையிடும். அங்கே குஞ்சு வளர்ந்து முடிந்த மாதங்களில்தான் இங்கே முட்டை வைக்கும் காலம். அவர்களுடைய பருவத்தை இங்கே நட்டால் அடைகாக்கும் தாயைச் சுடும் பருவமாகிவிடும். உரிம வேட்டைக்காக வாதாடுகிறவர்கள் பணம், வரி, எண்ணிக்கை பற்றியெல்லாம் பேசுகிறார்கள். இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

உரிம வேட்டையை நாம் பார்க்காதவர்களும் அல்லர். நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தனிச் சட்டம் வந்தது. பருவம், உரிமம் எல்லாம் அதில் உண்டு. கண்மண் தெரியாத கொலைக்கு அது ஓரளவு கடிவாளம் போட்டது. ஆனால் துரைமார் கையிலும் ஜமீன் கையிலும் இருந்த வேட்டையின் குணம் என்ன என்பதைப் பரத்பூர் சொல்லும். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. மகாராஜாக்கள் வேட்டைக்காகவே நீர் தேக்கிக் காத்த சதுப்பு அது. அந்தக் காவல் இல்லாவிட்டால் இன்றைய கேவலாதேவ் தேசியப் பூங்காவே இருந்திருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் சில உயிர்களை உரிமத்தோடு வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. ஆளைக் கொல்லும் விலங்கு, பயிரை அழிக்கும் விலங்கு போன்ற சில விதிவிலக்குகளே மிச்சம்.

இந்தத் தடையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அது யார்மேல் விழுகிறது என்று ஏரிக்கரையில் நின்று பார்க்க வேண்டும். கண்ணி வைக்கும் கை மிக நுணுக்கமான கை. மூங்கில் சிம்புகளை வரப்போரச் சேற்றில் வரிசையாகக் குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சுருக்கு கட்டுவார்கள். முன்பு குதிரைவால் முடி, இப்போது நைலான் நரம்பு. பறவை நடந்துவரும் தடத்துக்கு நேரே, அதன் கால் புகும் உயரத்தில் சுருக்கு நிற்கும். கௌதாரிக்கு என்றால் பழக்கிய பறவை ஒன்றைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு, சுற்றிலும் கண்ணி விரிப்பார்கள். இதில் தேர்ந்த நரிக்குறவர் ஒருவர் நாலு கொக்குடன் பிடிபட்டால் வழக்கு, அபராதம், சில சமயம் சிறை. நெல்லில் பூச்சிமருந்து கலந்து தூவி மொத்தமாகக் கொன்று விற்கும் கூட்டத்தைத் தடை இன்னும் கடுமையாகப் பிடிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கறி தின்கிறவருக்கும் கேடு. ஆனால் வரத்துக்கால்வாயைத் தூர்த்து, ஏரிப் புறம்போக்கில் மண்ணடித்தவன், ஒரு பருவத்தின் கொக்கை மட்டும் எடுக்கவில்லை. இனி வரப்போகும் கொக்கையெல்லாம் சேர்த்து எடுத்துவிட்டான். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்தது. வேட்டைத் தடையின் வேகம் அதற்கு இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. இந்தப் பகுதியின் ஏரிகள் சங்கிலியாகக் கட்டப்பட்டவை: மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால்தான் கீழேரிக்குத் தண்ணீர். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் காயும். ஆலை வந்ததால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆயக்கட்டு வயல்கள் போனபின் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரில் எவருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. தடை துப்பாக்கியை வாங்கிக்கொண்டது, அந்த இடத்தில் ஒரு காவலாளியை நிறுத்தவில்லை. வெளிநாட்டு முறையைக் காட்டிக் கேட்கும் இளைஞர்கள் தொட்டது இந்த இடத்தைத்தான்.

விடை அமெரிக்காவில் இல்லை, வேடந்தாங்கலில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது அந்த ஊர் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் ஏரியைக் காக்கும் உரிமையை எழுத்தாக வாங்கினார்கள். கருணை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு எரு குறைவாகவே தேவைப்பட்டது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி போடாமல் இருக்கிறார்கள். வேட்டைக்காரரின் வரி செய்வதை இங்கே ஊரின் பற்றும் வயலின் லாபமும் செய்கின்றன. குறையும் உண்டு. வயல் விற்றுப்போனால் அந்த லாபமும் போய்விடும். 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது கிளம்பிய எதிர்ப்பு, காவல் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்றும் காட்டியது.

வேட்டைக்காரரையே காவலராக்க முடியும் என்பதற்கும் நம் பக்கமே சான்று உண்டு. பாம்புத்தோல் வணிகம் முடக்கப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் புளோரிடாவுக்கே போய் அங்கு பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

நரிக்குறவருக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைக்கவே 2023 ஆயிற்று. அவர்கள் கையில் உள்ள அறிவுக்கு அப்படி ஒரு சங்கம் இன்னும் இல்லை. எந்தக் கோரையில் எந்தப் பறவை முட்டையிடும், எந்தக் குரல் எதைக் கூப்பிடும் என்று அறிந்தவர்களை ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து ஏரிகளில் ஐப்பசி முதல் மாசி வரை கூலி கொடுத்துப் பறவைக் கணக்குக்கும் காவலுக்கும் வைக்கலாம். செலவுக்கு ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. இப்போது அந்த நிதியின் பெயர்ப்பலகையை ஏரிக்கரைப் பூங்காக்களில் அதிகம் பார்க்கிறோம். ஏரி மீன் குத்தகையிலும், கூடு கட்டும் மாதங்களில் பறவையை வெடி போட்டு விரட்டக் கூடாது, வலை விரிக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். மீறினால் குத்தகை ரத்து என்று எழுதினால், ஏலம் எடுப்பவரே கரையில் ஆள் நிறுத்துவார்.