பதிவேடு தந்த பெயர்கள்

ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர். மாவாலைக்காரர் என்று பொருள். அடுத்து வருவது ஷ்மிட், அதாவது கொல்லர். தையற்காரரான ஷ்னைடரும் மீனவரான ஃபிஷரும் பின்தொடர்கிறார்கள். பாட்டன் செய்த தொழில் பேரனுக்குப் பெயராயிற்று என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இடைக்கால ஜெர்மானியரில் பெரும்பாலோர் உழவர்கள். உழவர் எனப் பொருள்படும் பவுவர் என்ற பெயர் முல்லருக்கு வெகு பின்னால் நிற்பது ஏன்? ஊரே உழும்போது, உழவர் என்று சொல்லி ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. ஆலையோ ஊருக்கு ஒன்றுதான். அதுவும் பல இடங்களில் நிலப்பிரபுவுடையது, குடியானவர்கள் அங்கேதான் தானியத்தை அரைத்தாக வேண்டும். எனவே வேர்ச்சொல்லைத் தேடுவதோடு நின்றுவிடாமல், ஒருவரைப் பிரித்தறிய வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்றும் கேட்க வேண்டும். ஜெர்மானியப் பெயர்களின் வரலாறு பெரிதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான். இரண்டு சொற்களைக் கோத்த பழம்பெயர்கள் அவை: ஃப்ரீட்ரிக்கில் அமைதியும் ஆட்சியும், வில்ஹெல்மில் மனவுறுதியும் தலைக்கவசமும். பிறகு அரசர் பெயர்களும் கிறிஸ்தவப் புனிதர் பெயர்களும் பெருக, ஒரே தெருவில் பல ஹைன்ரிக், பல கொன்ராட், பல யோஹன்னஸ். ஹைன்ரிக், கொன்ராட் இரண்டின் சுருக்கங்களான ‘ஹின்ஸும் குன்ஸும்’ இன்றும் ‘கண்டவர் எல்லாரும்’ என்ற பொருளில் அங்கே வழங்குகின்றன. கொலோன் நகரில் சொத்து கைமாறியதை அந்த நூற்றாண்டிலேயே ஏட்டில் ஏற்றினார்கள். இரண்டாவது பெயர் இத்தகைய நகரங்களில்தான் முதலில் வேரூன்றியது. நாட்டுப்புறத்தில் அந்த வேலையைப் பண்ணைக் கணக்கு செய்தது. மையர் பிரபுவின் பண்ணையை மேற்பார்த்தவர். ஷூல்ட்ஸ் குடிகளிடம் வரி தண்டிய ஊர்த்தலைவர். லேமான் ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்றவர். பவேரியாவில் நிறைந்திருக்கும் ஹூபர், ‘ஹூபே’ என்ற அளவுள்ள நிலத்தை உழுதவர். நான்கு பெயர்களும் ஒருவர் யாருக்கு எதற்காகக் கடமைப்பட்டிருந்தார் என்பதையே சொல்கின்றன.

பெயர்கள் மக்கள் நாவில் பிறந்தவை அல்லவா என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் வலு உண்டு. 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை வைத்து மைன்ஸ், ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக அறிஞர்கள் உருவாக்கிய குடும்பப் பெயர் வரைபட நூல், வட்டாரப் பேச்சு எவ்வளவு ஆழமாகப் பெயரில் ஊறியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. குயவர் தெற்கே ஹாஃப்னர், கிழக்கே டோப்ஃபர். சுருள்முடிக்காரர் க்ரவுஸ, நெட்டையர் லாங், குள்ளர் க்ளைன்; இவை அண்டைவீட்டார் வைத்த பட்டப்பெயர்களே. ஆனால் பட்டப்பெயர் அதற்குரிய ஆளோடு போய்விடும். நெட்டையரின் குட்டைப் பேரனும் லாங் என்றே அழைக்கப்பட வேண்டுமானால், வாரிசையும் வரியையும் யாரோ எழுதிவைத்திருக்க வேண்டும். பெயரைப் பிறப்பித்தது பேச்சு. அதைப் பரம்பரையாக்கியது எழுத்து.

பின்னர் அரசுகளே நேரடியாக இறங்கின. வடகடலோரக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் தந்தையின் பெயரே மகனுக்கு இரண்டாம் பெயர்: யானின் மகன் பீட்டர் யான்சென், அவர் மகன் ஹின்ரிக் பீட்டர்ஸ். தலைமுறைதோறும் மாறிய இந்தப் பெயரை 1811இல் நெப்போலியனின் ஆணை உறைய வைத்தது. பிரெஞ்சு ஆட்சி போன பின்னும் மக்கள் பழைய முறையை எளிதில் விடவில்லை. யூதர்களை நிலையான குடும்பப் பெயர் ஏற்கும்படி ஆஸ்திரியா 1787இலும் பிரஷ்யா 1812இலும் கட்டாயப்படுத்தின. பிரஷ்யாவில் குடியுரிமைக்கே அது நிபந்தனை. உரிமையின் வாசலாக வந்த அதே ஏற்பாடு 1938 ஆகஸ்டில் வேட்டைக் கருவியாயிற்று. அரசின் பட்டியலிலுள்ள முன்பெயர் இல்லாத யூத ஆண்கள் ‘இஸ்ரவேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் 1939 ஜனவரி முதல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நாஜி அரசு ஆணையிட்டது. அதை வரைவதில் பங்கேற்ற ஹன்ஸ் க்ளோப்கே, போருக்குப்பின் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடெனாவரின் அலுவலகத்துக்குத் தலைமை வகித்தார். பெயர்களைப் பற்றிய எந்த ஆய்வும் இதைக் கடந்துபோகக் கூடாது.

இன்று பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கிறார்களே, பதிவேட்டின் பிடி தளர்ந்துவிட்டதல்லவா என்பது அடுத்த மறுப்பு. தளர்ந்திருக்கிறது, ஒவ்வோர் அங்குலமும் வழக்காடிப் பெற்றது. தம்பதியர் ஒத்துப்போகாவிட்டால் கணவர் பெயரே குடும்பப் பெயர் என்ற விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 1991இல்தான் நீக்கியது. முன்பெயரே பாலினத்தைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் 2008இல் அதே நீதிமன்றத்தில் விழுந்தது. மகளுக்குக் கிரண் என்ற இந்தியப் பெயரை வைக்க விரும்பிய பெற்றோரின் வழக்கு அது. 2025 மே முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி தம்பதியர் இருவர் பெயரையும் இணைத்துக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம். ஸ்லாவியச் சிறுபான்மையினரான சோர்பியரில் பெண்கள் தம் மொழியின் பெண்பால் விகுதியைப் பெயரில் சேர்க்கலாம். ஃப்ரீசியர்கள் தந்தை அல்லது தாயின் முன்பெயரிலிருந்து பிள்ளையின் குடும்பப் பெயரை ஆக்கலாம்.