மாயாவின் இரைச்சல்

இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில்தான் எம்.ஐ.ஏ.வின் ‘மாயா’ ஆல்பத்தை முதன்முறை முழுதாகக் கேட்டேன். ஒரகடம் சந்திப்பு தாண்டி வாலாஜாபாத் சாலையில் வண்டி திரும்பும்போது ‘ஸ்டெப்பின் அப்’ தொடங்கியது. பாட்டுக்குள் டிரில் மெஷின் ஓடுகிறது. ஆலையில் எட்டு மணி நேரம் கேட்ட சத்தம் காதில் ஒட்டிக்கொண்டதோ என்று ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். பக்கத்து சீட் தம்பியிடம் ஒரு பக்கத்தை நீட்டினேன். “அண்ணே, இது நம்ம லைன் சத்தம் இல்ல?” என்றான். எனக்குத் தெரிந்து இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

எம்.ஐ.ஏ. எனும் பாடகி மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறு வயதைக் கழித்துவிட்டு, போருக்குத் தப்பி மீண்டும் லண்டன் போனவர். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: ‘அருளர்’ (2005). அடுத்ததற்கு அம்மா பெயர்: ‘கலா’ (2007). சென்னை உறுமிக்காரர்களின் அடி அதில் உண்டு. 2010 ஜூலையில் வந்த மூன்றாவதற்குத் தன் பெயரையே வைத்தார். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரில் ‘மாயை’யும் சேர்ந்து கேட்கும். யூடியூப் படத்துக்குக் கீழே ஓடுமே ஒரு பட்டை, அதை அடுக்கடுக்காக ஒட்டி அட்டையில் தன் முகத்தை ஏறக்குறைய மறைத்தேவிட்டார்.

முதல் துண்டான ‘தி மெசேஜ்’ ஒரு நிமிடம்கூட ஓடாது. மனித உடம்பில் தொடங்கும் சங்கிலி கூகுளைத் தொட்டு அரசாங்கத்தில் போய் முடிகிறது. அரசாங்கம் இணையத்தை உளவு பார்ப்பதைக் காட்டிய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானது 2013 ஜூனில். அதற்கு மூன்று வருடம் முந்தி வந்த ஆல்பம் இது. ஆனாலும் பிட்ச்ஃபோர்க் இசை விமர்சனத் தளம் இதற்கு 10க்கு 4.4 மதிப்பெண்தான் போட்டது. இரைச்சல் அதிகம் என்று பலரும் சலித்துக்கொண்டார்கள். அந்த இரைச்சலுக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

இந்த இரைச்சலில் பங்க் இசையும் உண்டு. பங்க் என்றதும் கிட்டார்தான் நினைவுக்கு வரும். ‘பார்ன் ஃப்ரீ’ பாட்டின் வேரோ, நியூயார்க்கின் ‘சூசைட்’ குழு 1977 ஆல்பத்தில் பாடிய ‘கோஸ்ட் ரைடர்’. அந்தக் குழுவில் இரண்டே பேர். கிட்டாரும் இல்லை, டிரம்மரும் இல்லை. ஒரு கீபோர்டு, ஒரு தாள எந்திரம், ஒரு குரல், அவ்வளவுதான். விடாமல் சுழலும் அந்த உறுமலை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று கத்துகிறார் மாயா. டேவிட் லெட்டர்மேனின் டிவி நிகழ்ச்சியில் இதைப் பாடியபோது கீபோர்டு வாசித்தவர் சூசைட்டின் மார்ட்டின் ரெவ். மேடையில் மாயாவைப் போலவே வேடம் போட்ட ஒரு கூட்டம். அசல் எது என்று நம் கண் அலைந்துகொண்டே இருக்கிறது. ஒரே முகத்தைப் பிரதி எடுத்து எடுத்து வெளுக்கவைக்கும் இந்தக் காலத்தைப் பற்றி இவ்வளவு நன்றாகச் சொன்ன மேடையை நான் பார்த்ததில்லை.

‘டெக்கிலா’ நீளம், பாதியில் தாண்டிவிடுவேன். ஆனால் ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ’வைத் தாண்ட முடியாது. தேன் தடவிய மெட்டு. பாடுகிறவளை வேறு யாராகவோ மாற்றப் பார்க்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு. நடுவில் ட்விட்டரும் ஐபோனும் வந்துபோகின்றன. இந்தப் பாட்டு வந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் என்றால் நோக்கியா. அங்கிருந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. இன்றைக்கு ஐபோன்கள் சுங்குவார்சத்திரத்தில் அசெம்பிளி ஆகின்றன. எங்கள் பஸ்ஸுக்கு எதிரே வரும் பஸ்களில் அந்த வேலைக்குப் போகும் பெண்கள், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி போகிறார்கள். லண்டனில் இந்தப் பாட்டைக் கேட்பவருக்கு ஐபோன் ஒரு மினுக்கல். எனக்கு அது அந்தப் பெண்களின் ஷிஃப்ட். மாயாவின் இசை இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறது: மேலே பளபளப்பு, அதற்கு அடியில் ஓய்வில்லாமல் ஓடும் எந்திரம். மேலோட்டமான வாழ்க்கையைத் திட்டிப் பாடுவது யாருக்கும் எளிது. அதன் பட்டறைச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்கவைக்க இவரால் முடிந்தது.

இத்தனை உரசலுக்கும் நடுவில் ‘இட் டேக்ஸ் எ மஸில்’ ரெக்கே தாளத்தில் கொஞ்சம் உட்கார இடம் கொடுக்கும். கடைசிப் பாட்டு ‘ஸ்பேஸ்’. சத்தமெல்லாம் வடிந்து, குரல் மிதக்க ஆரம்பிக்கும். அது வரும்போது வெளியே வெளிச்சம் வந்திருக்கும். பஸ்ஸில் என்னைத் தவிர எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.